மெக்சிகோப் பாட்டில் விடுபட்ட நாலு வரி

நான் மலாக்காவுக்குப் போனது ஒரு பாட்டுக்கு அர்த்தம் சொல்வதற்காக. இதை ஆம்பூரில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. விடுப்புக் கடிதத்தில் 'உறவினர் வீட்டு விசேஷம்' என்று எழுதினேன். மேலாளர் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். "நடக்குமா நடக்காதா என்று பார்க்கத்தான் போகிறேன்" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

தோல் ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில் ஸ்பானிய மொழிக் கடிதங்களைப் பார்ப்பது என் வேலை. சென்னையில் இரண்டு வருடம் மாலை வகுப்பில் படித்தது கொஞ்சம். மெக்சிகோவில் காலணி செய்பவர்களுக்குக் கடிதம் எழுதி எழுதிக் கற்றது மிச்சம். அதனால் குதிகால், அடித்தோல், தாமதத்துக்கு வருந்துகிறோம் எல்லாம் எனக்கு அந்த மொழியில் சரளமாக வரும். காதல் வந்தால் அகராதியைத் தேடுவேன்.

என் அப்பாவின் சித்தப்பா ஒருவர் அந்தக் காலத்தில் மலாக்காப் பக்கம் ரப்பர்த் தோட்டத்துக்குக் கப்பலேறியவர். அவருடைய பேரன் சேகர், எனக்குத் தம்பி முறை. பெம்பான் அருகே ஒரு தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறான். மற்ற நேரத்தில் ஆறு பேர் கொண்ட இசைக் குழுவில் பாடுகிறான். தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் அவனிடமிருந்து கடிதம் வந்தது.

"அக்கா, ஸ்டெல்லாவோட அப்பா ஒரே ஒரு கண்டிஷன் போட்டுட்டாரு. நான் கல்யாண டின்னர்ல பாடுற மெக்சிகோ பாட்டுக்கு என்னா அர்த்தம்னு அவர் முன்னால சொல்லணுமாம். அதுக்கப்புறம்தான் பொண்ணுப் பேச்சாம். நான் மூணு வரைக்கும் எண்ணக்கூட அந்த பாஷைல தெரியாதவன். நீங்க வந்தாத்தான் எனக்குக் கல்யாணம்."

ஸ்டெல்லாவின் அப்பா செல்லையா, நீதிமன்றத்தில் முப்பது வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். யாழ்ப்பாணத்து வழி, உத்தியோகக் குடும்பம், ஞாயிறு தவறாத தேவாலயம். இவனோ தோட்டத்து லாரிக்காரன், மாரியம்மன் கோயில். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஆயிரம் காரணம் இருந்திருக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு, பொருள் தெரியாமல் பாடுகிறவனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்றிருக்கிறார். இது நியாயமா சாக்கா என்று எனக்குப் புரியவில்லை. எப்படியும் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவுசெய்தேன்.

கிளம்புமுன் ஒரு காரியம் செய்தேன். எங்கள் மெக்சிகோ வாடிக்கையாளர் ஒருவருக்கு எழுதும் கடிதத்தின் அடியில் அந்தப் பாட்டைப் பாடிய மெக்சிகோக் குழுவைப் பற்றிக் கேட்டுவைத்தேன். மூன்று வாரத்தில் காலணி மாதிரிகளுக்கு நடுவே ஒரு கேசட்டும் நாலு பக்கக் கடிதமும் வந்தன. குழுவின் பெயரைத் தமிழில் எழுதினால் படிப்பவர்களுக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும். பெம்பானில் எல்லோரும் 'அந்த அஞ்சு பேரு' என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

முதல் நாளே வழி தப்பினேன். சேகர் மலாக்காப் பேருந்து நிலையத்துக்கு வருவதாக ஏற்பாடு. எண்ணெய் ஆலை வாசலில் அவன் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டது பிறகுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, எனக்கா பஸ் ஏறத் தெரியாது என்ற திமிரில் கண்ணில் பட்ட ஒன்றில் ஏறினேன். அது பெம்பானுக்கு நேர் எதிர்த் திசையில் போகிற பஸ். தெங்கேராவில் இறங்கி, வரிசையாய் நின்ற பழைய கடைவீடுகளுக்கு நடுவே பெட்டியும் கையுமாக முழித்தேன்.

கயிறும் வாளியும் விற்கும் ஒரு கடையில் பனியனோடு ஒரு சீனர் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். என்னிடமிருந்த நல்ல ஆங்கிலத்தையெல்லாம் திரட்டி வழி கேட்டேன். அவர் என் சேலையைப் பார்த்தார்.

"எங்க போவணும் தங்கச்சி?" என்றார் தமிழில்.

நான் பெட்டியைக் கீழே வைத்தேன். அவரே தொடர்ந்தார். "சின்னப் புள்ளைல தோட்டத்துலதான் இருந்தேன். எங்கப்பா அங்க கடை வச்சிருந்தாரு. பெம்பானா? அது அந்தப் பக்கம்லா. நீ தலைகீழா வந்துட்ட."

ஸ்டூல் போட்டுக் குடிக்க பார்லித் தண்ணீர் கொடுத்தார். தம்பியின் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. "மெக்சிகோ சேகரா? என் மவன் டின்னருக்கு அவன்தான் பாடினான். அந்த 'ம்ம்' பாட்டு." கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் முணுமுணுத்தும் காட்டினார். ஒரு பாட்டை அதன் சொல்லை வைத்துச் சொல்லாமல் முணுமுணுப்பை வைத்துச் சொல்கிறாரே என்று நினைத்தேன். பிறகு என்னைச் சரியான பஸ்ஸில் ஏற்றி, ஓட்டுநரிடம் மலாயில் நீளமாக ஏதோ சொன்னார். அதில் எனக்குப் புரிந்தது மெக்சிகோ என்ற ஒரு சொல்தான்.

இரண்டாம் நாள் நான் கண் விழித்தபோது சித்தி, அதாவது சேகரின் அம்மா, பாதி நாள் வேலையை முடித்திருந்தாள். விடிவதற்கு முன்பே ரப்பர் மரங்களில் பால்வெட்டப் போய்விடுவார்கள். தலையில் கட்டிய துணியோடு திரும்பி வந்தவள், "பசியாறினியாம்மா?" என்று கேட்டாள். அங்கே காலைச் சாப்பாட்டுக்கு அதுதான் சொல். வாழையிலைப் பொட்டலத்தில் தேங்காய்ப்பால் சோறும் நெத்திலிச் சம்பலும் வைத்திருந்தாள். ஆம்பூரில் பிரியாணியைத் தவிர எதையும் சோறு என்று ஒப்புக்கொள்ளாத நான் இரண்டு பொட்டலம் சாப்பிட்டேன்.

பிற்பகல் இரண்டு மணிக்கு அந்த அஞ்சு பேரின் புகழுக்குக் காரணம் கண்டுபிடித்தேன். அந்த நேரத்தில்தான் தொலைக்காட்சியில் மெக்சிகோத் தொடர். கீழே மலாயில் எழுத்து ஓடும். ஆம்பூரில் அந்நேரம் ஆலை முழுக்கப் பெண்கள் தையல் எந்திரத்தின் முன் குனிந்திருப்பார்கள். இங்கே பால்வெட்டு முடித்து, குளித்து, சாப்பிட்டுக் காலை நீட்டும் நேரம். லயம் என்கிற தொழிலாளர் வரிசையில் வீட்டுக்கு வீடு ஒரே குரல் கேட்டது. இரண்டாவது தடவையாக ஓடுகிறதாம். தொடரில் ஒருத்தி அழுதால் பதினைந்து வீட்டில் மூக்கு உறிஞ்சும் சத்தம். தொடருக்கு முன்னும் பின்னும் அந்த அஞ்சு பேரின் பாட்டு அரை நிமிடம் வரும்.

நாலு மணிக்குப் பால் நிறுக்கும் ஸ்டோரில் ஒத்திகை. காலையில் வாளிகளோடு வரிசை நிற்கும் இடம் மாலையில் பாட்டுக் கொட்டகையாகிவிடுகிறது. புளித்த ரப்பர்ப் பாலின் வாடை குடலைப் பிடுங்கும். நான் மூக்கைப் பொத்தாததைப் பார்த்துச் சித்திக்குப் பெருமை தாங்கவில்லை. தோல் பதனிடும் ஊரில் வளர்ந்தவளுக்கு இதெல்லாம் சந்தனம் என்று நான் சொல்லவில்லை.

கவிழ்த்த வாளிகளில் உட்கார்ந்த ஆறு பேருக்கும் என் வாடிக்கையாளரின் கடிதத்தைத் தமிழில் சொன்னேன். அந்த அஞ்சு பேரும் அவருடைய ஊருக்குப் பக்கத்தில் பிறந்தவர்கள். அண்ணன் தம்பி இருவர், அவர்களுடைய அத்தை மகன், இரண்டு கூட்டாளிகள். மூத்தவன் செருப்புத் தைக்கும் கடையில் வேலை பார்த்தவன். அங்கே பெண்ணுக்குப் பதினைந்து வயது நிறைந்தால் பெரிய விருந்து வைப்பார்கள். அந்த விருந்துகளில்தான் பாடினார்கள்.

"நம்ம சடங்கு மாதிரி" என்றாள் சித்தி.

"அதேதான் சித்தி. இவர் அண்ணன் மகள் விருந்துக்கும் பாடியிருக்கிறார்கள். 'அன்று அவர்களுக்குப் பின்கட்டில் சாப்பாடு போட்டோம், இன்று அவர்களைப் பார்க்க டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்கிறேன்' என்று எழுதியிருக்கிறார்."

ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களுக்கும் பல கல்யாணங்களில் பின்கட்டுச் சாப்பாடுதான். தலைநகரத்து வானொலிக்காரர்கள் அந்த அஞ்சு பேரை மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள், கேசட்டைப் பழைய காரின் பின்பக்கத்தில் வைத்துச் சந்தை சந்தையாக விற்றார்கள், ஒரு விருந்தில் கேட்ட தொடர்காரர் ஒருவர் தன் தொடருக்கு அந்தப் பாட்டை எடுத்துக்கொண்டார், அதன் பிறகு விளையாட்டு மைதானம் நிறையக் கூட்டம் என்று கடிதம் போனது. டிரம்ஸ் வாசிக்கிறவர் பெருமூச்சு விட்டு, "நம்ம தோட்டத்துப் பக்கம் தொடர்காரன் எவன் வரான்?" என்றார்.

பிறகு சேகர் பாடினான். சும்மா சொல்லக் கூடாது, நல்ல குரல். நோட்டில் ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தான். பாட்டில், வடக்கே பிழைக்கப் போனவன் ஊர் திரும்பி, செருப்புத் தூசியைத் தட்டிவிட்டு வீட்டு வாசலில் நிற்கிறான். 'கதவைத் திற, வந்துவிட்டேன். என் பெயரைத் தவிர உனக்குக் கொடுக்க ஒன்றும் கொண்டுவரவில்லை' என்கிறான். பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள் நுழையும்போது பாடுவதற்குப் பொருத்தமான பாட்டு என்றுதான் நானும் நினைத்தேன். நடுவில் வந்ததும் சேகர் நோட்டை மூட, ஆறு பேருமாக 'ம்ம், ம்ம்' என்று முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். நாலு வரி நீளம். பிறகு மறுபடி 'கதவைத் திற'.

"இது என்ன?" என்றேன்.

"டேப்புல அந்த எடத்துல யாரோ பேசுறாங்க அக்கா. சொல்லு கேக்கல. அதான் ம்ம் போட்டுட்டோம். இப்ப டின்னர்ல மக்கள் அதுக்குத்தான் காத்திருக்காங்க. மண்டபமே சேந்து பாடும்."

ஸ்டெல்லா கொடுத்த டேப் அது. தொடரின் கடைசி நாளில் மட்டும் பாட்டு முழுதாக வந்திருக்கிறது. அவள் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் வைத்துப் பதிந்ததை, இரண்டு டேப்ரிக்கார்டரை எதிரெதிரே வைத்துக் காப்பி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். போட்டுக் கேட்டேன். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. அந்த இடத்தில் யாரோ இரண்டு பேர் பேசுகிறார்கள், என்ன மொழி என்றுகூடத் தெரியவில்லை.

ஆம்பூரில் டேப்ரிக்கார்டர் இல்லாததால் நானும் அதுவரை கேட்டிராத, நான் கொண்டுபோன கேசட்டைப் போட்டேன். நாலு வரியும் துல்லியமாகக் கேட்டன. ஆறு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். "வெளியில வா" என்று சேகரைக் கூப்பிட்டேன்.

"தம்பி, இது கல்யாணப் பாட்டு இல்லை. அந்த நாலு வரியில், வீட்டில் அவள் இல்லை. செத்துப்போய்விட்டாள். இத்தனை நேரமும் ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறான்."

அவன் ஒரு ரப்பர் மரத்தில் சாய்ந்துகொண்டான். "முப்பது கல்யாணத்துக்கு மேல பாடியிருக்கேன் அக்கா" என்றான்.

மூன்றாம் நாள் அவனோடு லாரியில் டவுனுக்குப் போனேன். செம்பனைக் குலையின் முள் என் நல்ல சேலையை முழ நீளத்துக்குக் கிழித்தது. சேகர் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. வழியெல்லாம் கெஞ்சிக்கொண்டே வந்தான்.

"அந்த நாலு வரி டேப்புல இல்லைன்னு விட்ருங்க அக்கா. மிச்சத்துக்கு மட்டும் அர்த்தம் சொல்லுங்க. பொய் இல்லலா அது. செத்த வீட்டுப் பாட்ட நான் கல்யாணத்துல பாடினேன்னு தெரிஞ்சா, அவரு என்னைய வாசப்படி ஏத்துவாரா?"

நியாயமாகத்தான் பட்டது. கதவைத் திற என்பதோடு நிறுத்திக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்? டவுனை ஒட்டிய பாச்சாங்கில் ஒரு தெருவோர ஒட்டுக்கடையில் ஸ்டெல்லா வந்து சேர்ந்துகொண்டாள். மருத்துவமனையில் நர்ஸ், அரை மணி நேரம் அனுமதி வாங்கி வந்திருந்தாள். குளிர்ந்த தேங்காய்ப்பாலில் கருப்பட்டிப் பாகு ஊற்றிய செண்டோலை மூவரும் குடித்தோம். நம் நாட்டு ஜிகர்தண்டா இதன் முன்னால் நிற்காது, மதுரைக்காரர்கள் மன்னிக்கட்டும்.

"அக்கா, அப்பா கேக்கிறதுக்கு உள்ளதச் சொல்லிடுங்க" என்றாள் ஸ்டெல்லா. "அம்மா போனதுக்கு அப்புறம் அவர் அதிகம் பேசுறதே இல்ல. ரூமைச் சாத்திட்டு டேப் கேப்பார். அவர் எங்கிட்ட ஒரு விசயம் இவ்ளோ விடாப்பிடியா கேட்டதே இதுதான் முதல் தடவை."

சேகர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாலாம் நாள் ஞாயிறு. தேவாலயம் முடிந்த பிறகு பாச்சாங்கில் அவர்கள் வீட்டில் சாப்பாடு. செல்லையா அங்கிள் மெலிந்த மனிதர், சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டிருந்தார். புட்டும் சொதியும் மீன் குழம்பும் பரிமாறப்பட்டன. புட்டை எங்கள் வீட்டில் சர்க்கரை போட்டுச் சாப்பிடுவோம். மீன் குழம்போடு சாப்பிட்டுப் பார்த்த பிறகு இத்தனை வருடம் வீணாய்ப் போனதை நினைத்து வருந்தினேன். சேகர் புட்டை உருட்டிக்கொண்டே இருந்தான், வாயில் போடவில்லை.

கை கழுவி வந்ததும் அங்கிள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சொல்லுங்கோ பிள்ளை. வரி வரியாச் சொல்லுங்கோ. அவசரமில்லை. கோர்ட்டிலை நாங்கள் அப்பிடித்தான்" என்றார்.

நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் சேகர் எழுந்து நின்றுவிட்டான்.

"அங்கிள், அக்கா சொல்றதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லிடுறேன். நான் நெனைச்சுப் பாடினது வேற. அது கல்யாணப் பாட்டு இல்ல. பொண்டாட்டி செத்துப்போன வீட்டுக்குத் திரும்பி வர்றவன் பாட்டு. நடுவுல நாலு வரி டேப்புல விளங்கல, நாங்க ம்ம் போட்டு மறைச்சிட்டோம். அதுலதான் எல்லாம் இருக்கு. அதச் சொல்லாதீங்கன்னு அக்காவக் கெஞ்சினேன். இப்ப மனசு கேக்கல."

நெற்றியில் வேர்வை வழிய அவன் உட்கார்ந்தான். என் தம்பியை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. கல்யாணம் போச்சு என்றும் நினைத்தேன்.

அங்கிள் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "அந்த நாலு வரியைச் சொல்லுங்கோ" என்றார்.

சொன்னேன். "அடுப்பு குளிர்ந்து கிடக்கிறது. இரண்டு கோப்பையும் கவிழ்த்து வைத்திருக்கிறது. சாப்பிட்டாயா என்று கேட்க இந்த வீட்டில் ஆள் இல்லை. யாரைத் திறக்கச் சொல்லி இத்தனை நேரம் தட்டினேன்?"

ஒவ்வொரு வரிக்கும் அவர் உதடு ஆங்கிலத்தில் அசைந்தது. முப்பது வருடப் பழக்கம் போலிருக்கிறது. முடிந்ததும் எழுந்து அறைக்குள் போனார். ஸ்டெல்லா முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவர் திரும்பி வந்தபோது கையில் டேப்ரிக்கார்டர் இருந்தது.

அது மூலப் பதிவு. பாட்டு தெளிவாக ஓடியது. நடுவில் அந்த இடம் வந்தது. பாட்டுக்கு மேலே, மிக அருகில், தேநீர் போடட்டுமா என்று ஒரு பெண் குரல்: "இஞ்சருங்கோ, தேத்தண்ணி போடட்டே?" உடனே ஓர் ஆண் குரல், எரிச்சலோடு: "சும்மா இரும். பாட்டு பதியுது." அதற்குள் நாலு வரியும் போய்விட்டன. கதவைத் திற என்று பாட்டு தொடர்ந்தது.

"என்ரை மனிசி" என்றார் அங்கிள். "அதுக்குப் பிறகு நாலு மாசம்தான் இருந்தவ."

டேப்பை நிறுத்தினார். பிறகு சொன்னார். "போன வருசம் தெங்கேராவிலை ஒரு கலியாணத்துக்குப் போனனான். இந்தத் தம்பி பாடினவர். அந்த இடம் வந்த உடனே பாட்டை நிப்பாட்டிப்போட்டு முணுமுணுக்கினம். சனம் எல்லாம் சேந்து முணுமுணுக்குது. எனக்கு அப்பவே விளங்கிப்போச்சு, டேப் என்ரை வீட்டிலையிருந்துதான் போயிருக்குது எண்டு. பிள்ளை ஒரு ஆளை விரும்புறாள் எண்டதும் அப்பதான் தெரியும்."

"ஒரு காப்பி எனக்காகத்தான் எடுத்தேன்பா" என்றாள் ஸ்டெல்லா. "அம்மா குரல் ஒரு டேப்புலதான் இருக்கு. அது அறுந்துபோனா என்ன பண்றதுன்னு பயந்து இவர்கிட்டயும் ஒண்ணு குடுத்து வச்சேன். அம்மா பேசுறாங்கன்னு சொன்னா பாடுறத நிறுத்திடுவார்னு சொல்லல."

"நான் அர்த்தம் கேட்டது தம்பியைச் சோதிக்கிறதுக்கு எண்டு நினைச்சிருப்பியள்" என்றார் அங்கிள். "அதுவும்தான். ஆனால் எனக்கு இது தெரிய வேண்டியிருந்தது. அவவை வாயை மூடச் சொல்லிப்போட்டு நான் கேட்ட பாட்டு இது. அப்பிடி என்ன பெரிய சொல்லு அதிலை இருந்தது எண்டு அறிய வேணும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நாலு வரியைக் கொஞ்சம் மெதுவாகவாவது சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. அவர் மட்டும் மெல்லச் சிரித்தார்.

"கேக்கிறதுக்கு ஆள் இல்லை எண்டு அவன் பாடுறான். அவ வந்து கேக்கிறா. நான்தான் மடையன் மாதிரி மறுமொழி சொல்லேல்லை."

சேகர் மெதுவாக, "அங்கிள், அக்கா எனக்கு அந்த நாலு வரியும் சொல்லிக் குடுத்திருக்காங்க. இனிமே முழுசாப் பாடவா, இல்ல பாட்டையே விட்டுரவா?" என்று கேட்டான்.

"பாடுங்கோ. அந்த நாலு வரியிலை மட்டும் பாட வேண்டாம் தம்பி. அது அவ கதைக்கிற இடம்."

பிறகு அவரே அடுக்களைக்குப் போய் எல்லோருக்கும் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். சீனி அதிகம். நாலு பேரும் முழுக்கக் குடித்தோம். தேவாலயத்திலும் கோயிலிலுமாகக் கல்யாணத்தை எந்த மாதத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று அவர் கேட்க ஆரம்பித்தபோதுதான் சேகர் மிச்சமிருந்த புட்டைச் சாப்பிட்டான்.

அதற்கடுத்த ஆறு நாளில் என் எடை கூடியதைத் தவிர எழுத ஒன்றுமில்லை. சித்தியோடு ஒருநாள் பால்வெட்டப் போய், ஒரு மரத்தைச் சரியாக வெட்டத் தெரியாமல் கங்காணி மண்டோரிடம் திட்டு வாங்கினேன். ஜாசினில் அசம் பெடாஸ் என்ற புளிப்பும் காரமுமான மீன் குழம்பு சாப்பிட்டு மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தேன். சேலையைத் தைக்கக் கொடுத்த மலாய் அம்மா, கிழிசலை மறைத்து ஒரு பூ போட்டுத் தந்தாள். அந்தச் சேலைக்கு அது நன்றாகவே இருந்தது.

கிளம்புவதற்கு முந்தைய நாள் சனிக்கிழமை, தெங்கேராவில் ஒரு கல்யாண டின்னர். பாட்டு சேகர் குழு. செல்லையா அங்கிளும் ஸ்டெல்லாவும் வந்திருந்தார்கள். என்னை அங்கிள் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். எதிர் மேசையில் கயிற்றுக் கடைச் சீனர் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துக் கையசைத்து, "இந்தத் தடவ சரியான பஸ்ஸுலா" என்றார்.

பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே வந்தார்கள். சேகர் ஆரம்பித்தான். அவனுக்கு இப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியும். அதனாலோ என்னவோ, போன வாரத்தை விடக் குரல் தாழ்ந்திருந்தது. கதவைத் திற, என் பெயரைத் தவிர ஒன்றும் கொண்டுவரவில்லை. அந்த இடம் வந்ததும் நோட்டை மூடினான்.

மண்டபம் முழுக்க முணுமுணுத்தது. சீனர் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தார். பரிமாறுகிறவர்கள் தட்டோடு நின்று முணுமுணுத்தார்கள். அங்கே எதற்காக இடம் விட்டிருக்கிறது என்று தெரிந்தவர்கள் அத்தனை கூட்டத்தில் நாங்கள் நாலு பேர்தான். நான் அங்கிளைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் முணுமுணுக்கவில்லை. பக்கத்தில் யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலத் தலையை லேசாகச் சாய்த்து, "ஓம், போடும்" என்றார்.